பக்கத்து இருக்கையில் துப்பாக்கி இருக்கலாமா? டெக்சஸின் ‘கேம்பஸ் கேரி’ சட்டம் பற்றி

அக்கா மகளுக்கு டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ். இடம் கிடைத்தது. விசா வந்து, டிக்கெட் போட்டு, பெட்டிக்குள் குக்கரும் பருப்புப் பொடியும் ஏறிய பிறகு ஒருநாள் ராத்திரி அக்கா போன் செய்தாள். “ஏண்டா, அங்க கிளாஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கற பையன் இடுப்புல துப்பாக்கி இருந்தாலும் இருக்கலாமாமே, நிஜமா?”

நிஜம்தான். ஆனால் அது யாருக்கு அனுமதி, எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு, எப்படி வந்த சட்டம் என்பதையெல்லாம் போனிலேயே சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. விசா பற்றிய பகுதியில் அதைச் சொல்கிறேன்.

வாசற்படி வரை இருந்தது உள்ளே வந்தது

இந்த ஏற்பாட்டை அங்கே ‘கேம்பஸ் கேரி’ என்கிறார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் கைத்துப்பாக்கியை அடுத்தவர் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் வந்து போகலாம். அவர் மாணவராக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், பிள்ளையைப் பார்க்க வந்த அப்பாவாகவும் இருக்கலாம்.

டெக்சஸ் வளாகங்களுக்குள் துப்பாக்கி இப்போதுதான் நுழைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்கு லைசென்ஸ் கொடுக்கும் சட்டத்தை டெக்சஸ் 1995இலேயே இயற்றிவிட்டது. அதன்பிறகு லைசென்ஸ்காரர் பல்கலைக்கழகத்தின் சாலையிலும் புல்வெளியிலும் கார் நிறுத்துமிடத்திலும் துப்பாக்கியோடு நடக்கத் தடையில்லை. கட்டடத்தின் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். வகுப்பறைக்குள்ளோ நூலகத்துக்குள்ளோ கொண்டுபோனால் குற்றம். 2015இல் நிறைவேறிய செனட் மசோதா 11 அந்த வாசற்படியைத் தாண்ட அனுமதித்தது. ஆளுநர் கிரெக் அபாட் அந்த ஆண்டு ஜூனில் கையெழுத்திட்டார். அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 முதலும், இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ்களில் 2017 ஆகஸ்ட் 1 முதலும் அது நடைமுறைக்கு வந்தது.

லைசென்ஸ் வாங்குவது எவ்வளவு கடினம் என்று கேட்டால், நம் கணக்கில் சுலபம்தான். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் சுட்டுக் காட்ட வேண்டும். மூன்று கஜம், ஏழு கஜம், பதினைந்து கஜம் தூரங்களிலிருந்து மொத்தம் 50 தோட்டாக்கள். கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், ராணுவத்தில் இருப்பவர் என்றால் 18 போதும் என்பது சட்டத்தில் எழுதியிருந்த வரம்பு. 18 முதல் 20 வயதுக்காரர்களைத் தடுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2022இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால் அதுவும் தளர்ந்தது. முதலில் 21 என்ற வரம்பு இருந்ததால், இளங்கலை மாணவர்களில் கடைசி ஆண்டுக்காரர்களைத் தவிரப் பெரும்பாலோருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றுதான் அதைக் கொண்டுவந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானம் இன்றைக்கு அவ்வளவாக நிற்காது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் லைசென்ஸே இல்லாமல் பொது இடங்களில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதைக் கேள்விப்பட்டுவிட்டு, வளாகத்துக்கும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். வளாகக் கட்டடத்துக்குள் இன்றும் லைசென்ஸ் வேண்டும்.

ஏன் மறைத்து?

வளாகத்தில் துப்பாக்கியை அடுத்தவர் பார்க்கும்படி வேண்டுமென்றே வெளியே காட்டினால் அதுவே குற்றம். கோட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ கைக்கு எட்டும் பைக்குள்ளோதான் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கிகளுக்கு அனுமதியே கிடையாது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், விசையையும் விசையைச் சுற்றிய வளையத்தையும் முழுக்க மூடுகிற உறைக்குள்தான் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று விதி போட்டது. பைக்குள் சாவி, பேனாவோடு கிடந்து எதுவாவது விசையில் மாட்டி வெடித்துவிடக் கூடாதே என்பதற்காக.

இந்த ‘மறைத்து’ என்ற ஒரு சொல்லில்தான் மொத்த வாதமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆதரிப்பவர்கள் சொல்வது: கண்ணில் படாததால் யாருக்கும் தொந்தரவில்லை, யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாததால் தாக்க வருபவன் தயங்குவான். எதிர்ப்பவர்கள் சொல்வது: யாரிடம் இருக்கிறது என்று தெரியாததுதானே பயம், எல்லோரிடமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டல்லவா பாடம் நடத்த வேண்டியிருக்கிறது? இரண்டு பேரும் ஒரே உண்மையைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். டெக்சஸில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது.

எந்த அறைக்குள் போகலாம்

சட்டம் பல்கலைக்கழகத் தலைவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. ‘இந்த இந்த இடத்துக்குள் கூடாது’ என்று அவர்கள் விதி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த விதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வளாகம் முழுவதற்கும் தடை என்று ஆகிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் குழு அமைத்து, மாதக்கணக்கில் கூட்டம் போட்டு, தன் வரைபடத்தைத் தானே வரைந்துகொண்டது.

ஆஸ்டினில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் இடம், குழந்தைக் காப்பகம், ஆபத்தான ரசாயனங்கள் உள்ள ஆய்வகம், விளையாட்டுப் போட்டி நடக்கும் அரங்கம், ஒழுங்கு நடவடிக்கை விசாரணை நடக்கும் அறை எல்லாம் தடை. மாணவர் விடுதி அறைகளிலும் பொதுவாகத் தடைதான். ஆனால் அங்கே சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டு வரலாம், பார்க்க வரும் லைசென்ஸ் உள்ள பெற்றோருக்கும் விலக்கு உண்டு. இரண்டு மணி நேர கார்ப் பயணத்தில் இருக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலோ விடுதியிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஆனாலும் பையனின் கட்டிலுக்கடியில் துப்பாக்கிப் பெட்டகம் இருக்கலாமா என்பதற்கு இரண்டு பதில்.

ஆஸ்டின் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது தங்கள் தனி அலுவலக அறை மட்டும். அந்த அறையை ஒருவருக்கே ஒதுக்கியிருந்தால், ‘இங்கே துப்பாக்கி வேண்டாம்’ என்று அவர் சொல்லலாம். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் வாயால்தான் சொல்ல வேண்டும். வகுப்பறையில் அந்த உரிமை அவருக்கு இல்லை. பாடத்திட்டத் தாளில் அப்படி ஒரு வரி எழுதவும் முடியாது.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சட்டம் வேறொரு வழி வைத்தது. அவர்கள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கலந்து பேசிவிட்டு, வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ரைஸ், சதர்ன் மெதடிஸ்ட், டெக்சஸ் கிறிஸ்டியன், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பேய்லர் என்று ஏறக்குறைய எல்லோருமே ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவருக்குத் துப்பாக்கி உரிமையில் எந்த நிலைப்பாடு இருந்தாலும் இந்த ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்த பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்றன. வாய்ப்பே கிடைக்காத அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டன. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு முன்னால், ஒரு வகுப்பறைக்கு என்ன தேவை என்று முடிவு செய்வது அதில் பாடம் நடத்துகிறவர்களா, தலைநகரில் உட்கார்ந்திருக்கும் சட்டமன்றமா என்ற கேள்வி இருக்கிறது. நான் வகுப்பறைக்காரர்கள் பக்கம்.

இரண்டு காலை நேரங்கள்

சட்டம் அமலுக்கு வந்த 2016 ஆகஸ்ட் 1, டெக்சஸ்காரர்களுக்குச் சாதாரணத் தேதி கிடையாது. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1966 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் ‘மரைன்’ படையில் முன்பு வீரனாக இருந்த மாணவன் ஒருவன் ஆஸ்டின் வளாகத்தின் மணிக்கூண்டுக் கோபுரத்தில் 28ஆவது மாடிக்கு ஏறி, கீழே நடந்து போனவர்களைச் சுட்டான். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்குப் பொதுமக்கள் பலர் வீட்டுக்கும் காருக்கும் ஓடி வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்துவந்து கோபுரத்தை நோக்கித் திருப்பிச் சுட்டார்கள். அதனால் அவன் தலையைத் தூக்க முடியாமல், மழைநீர் வடியும் துளைகள் வழியாகச் சுட வேண்டியதாயிற்று. கடைசியில் மேலே ஏறிய போலீஸ்காரர்களோடு ஒரு பொதுஜனமும் போனார். சட்டத்தின் ஆதரவாளர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள், சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அவை தூரத்துக்குச் சுடும் நீளத் துப்பாக்கிகள். இடுப்பில் செருகிய கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு 28ஆவது மாடியில் இருப்பவனை என்ன செய்ய முடியும்?

இரண்டாவது காலை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி.யில் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி., பர்டூ பல்கலைக்கழகம் என்று போய், அங்கே பல ஆண்டுகள் பாடம் சொன்னவர். அன்று அவரும், அவர் வகுப்பில் இருந்த மாணவர்கள் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மொத்தம் 32 பேர். கொன்றவன் கையில் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது. வர்ஜீனியாவில் அந்தத் தடையை நீக்கும் மசோதா ஒன்று அதற்கு முந்தைய ஆண்டுதான் குழுவிலேயே செத்துப்போயிருந்தது. ‘அந்த வகுப்பில் ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால்’ என்ற வாக்கியம் அங்கேதான் பிறந்தது. சில நாட்களுக்குள் மாணவர்களின் அமைப்பு ஒன்று உருவாகி, மாநிலம் மாநிலமாகச் சட்டம் கேட்டுப் போனது. டெக்சஸ் சட்டமன்றத்துக்கும் அந்த வேகம்தான் வந்து சேர்ந்தது. லோகநாதன் போன்ற ஒருவரின் மரணத்திலிருந்து எழுந்த ஆசையைக் கேலியாகப் பார்க்க என்னால் முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

நடைமுறை என்ன சொல்கிறது? 2015 அக்டோபர் 1, ஓரிகன் மாநிலத்தின் அம்க்வா கம்யூனிட்டி காலேஜில் ஒருவன் ஒன்பது பேரைக் கொன்றான். அன்று வளாகத்துக்குள்ளேயே இன்னொரு கட்டடத்தில், முன்னாள் ராணுவவீரரான ஒரு மாணவர் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் ஓடிப்போய்ச் சுடவில்லை. கையில் துப்பாக்கியோடு தன்னைப் பார்க்கும் அதிரடிப்படைக்கு, தான்தான் கொலைகாரன் என்று தோன்றிவிடும் என்று அவர் பிறகு காரணம் சொன்னார். போர்ப் பயிற்சி பெற்ற ஒருவருக்கே அந்த நிதானம் தேவைப்பட்டது. நான்கு மணி நேர வகுப்பும் 50 தோட்டாக்களும் முடித்த ஒருவர் அந்த நிமிஷத்தில் என்ன செய்வார் என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

துப்பாக்கி தெரிந்தவர்கள் எல்லோரும் சட்டத்தை ஆதரித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அப்போது டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் மெக்ரேவன். கடற்படை அட்மிரல். ஒசாமா பின் லேடனைக் கொன்ற அதிரடி நடவடிக்கையை மேற்பார்த்தவர். அவர் சட்டம் வருவதற்கு முன்பே, இது வளாகங்களைப் பாதுகாப்புக் குறைந்த இடங்களாக்கும் என்று கடிதம் எழுதினார். கேட்கவில்லை.

பெரிய படுகொலைகளைப் பற்றியே பேசும்போது, சின்ன விபத்துகள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. ஐடஹோவில் சட்டம் அமலுக்கு வந்த 2014இலேயே, ஐடஹோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஓர் உதவிப் பேராசிரியரின் கால்சட்டைப் பைக்குள் இருந்த துப்பாக்கி வேதியியல் வகுப்பு நடுவே வெடித்து அவர் பாதத்தைத் துளைத்தது. டெக்சஸில் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டார்ல்டன் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இருவருமே லைசென்ஸ் உள்ளவர்கள்தான்.

எண்ணிக்கையில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. 2016இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு கூட்டத்தில் காட்டிய குறிப்புகளில், சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பேசும்போது கவனமாக இருங்கள், சில தலைப்புகளைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம், மாணவர்கள் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு வரட்டும் என்றெல்லாம் இருந்தன. நம் ஊர்ப் பேராசிரியர்களும் ஒரு மதிப்பெண்ணுக்காகக் கோபத்தோடு அறைக்குள் வரும் மாணவனைப் பார்த்திருப்பார்கள். அவன் கையில் விடைத்தாள் மட்டும்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர்களால் அவனை உட்காரவைத்துப் பேச முடிகிறது. ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் இதைத்தான் பேச்சுரிமைப் பிரச்சினையாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரோ ஒரு லைசென்ஸ்காரர் எதிர்காலத்தில் ஏதோ செய்துவிடுவார் என்ற பயம் மட்டும் வழக்குப் போடப் போதாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

மற்ற மாநிலங்கள்

டெக்சஸ் இதில் முதல் மாநிலம் அல்ல. யூட்டா 2004இலேயே இப்படிச் சட்டம் போட்டது. அங்குள்ள பல்கலைக்கழகம் எதிர்த்து வழக்காடி 2006இல் தோற்றது. கான்சஸ் 2017 முதல் லைசென்ஸ்கூட வேண்டாம் என்கிறது. கட்டடத்துக்குள் துப்பாக்கி வேண்டாம் என்றால் வாசலில் மெட்டல் டிடெக்டரும் காவலும் போட வேண்டும், அது பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்படியாகாது. டென்னசியில் முழுநேர ஊழியர்களுக்கு உண்டு, மாணவர்களுக்குக் கிடையாது. ஜார்ஜியாவில் அனுமதி உண்டு, ஆனால் விடுதியிலும் ஆசிரியர் அறையிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கூடாது. கலிபோர்னியா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் தடை. பள்ளிகள் போன்ற நுட்பமான இடங்களில் தடை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழகமும் அந்தப் பட்டியலில் சேருமா என்பதில்தான் இன்னும் இழுபறி. ஆக, எந்த மாநிலத்துக்குப் போகிறோமோ அந்த மாநிலத்தின் விதியையும், அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

விசாவில் போகும் பிள்ளைகளுக்கு

இதைத்தான் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற மிகச் சில விலக்குகள்தான் உண்டு. தண்டனை பதினைந்து ஆண்டுச் சிறை வரை போகலாம், நாடு கடத்தவும் செய்வார்கள். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். நண்பன் “சும்மா பிடிச்சுப் பாரு” என்று கையில் கொடுப்பதும், வார இறுதியில் கூட்டமாகத் துப்பாக்கி சுடும் மையத்துக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதற்குள் வரும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து புளோரிடாவுக்குப் படிக்கப் போன ஒரு மாணவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசாத் தகுதியை இழந்த பிறகும் அங்கேயே தங்கினார். ஒருநாள் சுடும் மையத்துக்குப் போய்ச் சுட்டார். வழக்கு, தண்டனை என்று போய், உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் அந்த நீதிமன்றம் சொன்னது. ஒரு மணி நேர விளையாட்டுக்கு எத்தனை ஆண்டு அலைச்சல் பாருங்கள்.

அறைத் தோழனிடம் லைசென்ஸும் துப்பாக்கியும் இருந்தால் பதறத் தேவையில்லை. அது அவனுடைய பெட்டகத்தில், அவனுடைய சாவியோடு இருக்க வேண்டும். சாவி நம் பிள்ளையிடம் வரக் கூடாது. கொஞ்ச நேரம் வைத்திரு என்று கொடுத்தால் வாங்கவே கூடாது. போட்டோவுக்காகக்கூட.

இதையெல்லாம் அக்கா மகளிடம் கிளம்புவதற்கு முந்தின நாள் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, “அப்போ எனக்கு ரூல் ஒண்ணுதான் மாமா, தொடக் கூடாது” என்றாள். போய் மூன்று வாரத்தில் ஒரு படம் அனுப்பினாள். வளாகத்து மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு. அதில் ஓர் அங்குல உயர எழுத்துகளில், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், 30.06 என்ற சட்டப்பிரிவு எண்ணோடு நீண்ட அறிவிப்பு. மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்பதற்கு டெக்சஸ் வைத்திருக்கும் பலகை அது. அக்காவுக்கும் அந்தப் படத்தை அனுப்பினாளாம். “அப்ப இந்தப் பலகை இல்லாத கதவுக்குள்ளெல்லாம் வரலாமா?” என்று அக்கா எனக்குப் போன் செய்தாள்.

“ஆமாக்கா, பெரும்பாலும் வரலாம்” என்றேன்.